கரீபியன் கத்தோலிக்கப் பள்ளிகளில் இடம் கொடுப்பது யார்?

டிரினிடாட் தீவில் தொடக்கப் பள்ளியை முடிக்கும் ஒவ்வொரு பிள்ளையும், பதினொன்று பன்னிரண்டு வயதில், நாடு முழுவதும் ஒரே நாளில் நடக்கும் ஒரு தேர்வை எழுதியாக வேண்டும். எந்த உயர்நிலைப் பள்ளியில் சேர விருப்பம் என்று பெற்றோர் முன்கூட்டியே வரிசைப்படுத்தி எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். அந்த வரிசையின் உச்சியில் அடிக்கடி காணப்படும் பெயர்களில் செயின்ட் ஜோசப்ஸ் கான்வென்ட், செயின்ட் மேரிஸ் கல்லூரி, ஃபாத்திமா கல்லூரி ஆகிய மூன்றும் உண்டு. மூன்றும் கத்தோலிக்கத் திருச்சபையின் வழியில் தோன்றி இன்றும் அதன் உரிமையில் இருப்பவை. ஆனால் ஆசிரியர்களுக்குச் சம்பளம் தருவது அரசு. மாணவர்களிடம் படிப்புக் கட்டணம் வாங்குவதில்லை. வகுப்பறையில் கத்தோலிக்கப் பிள்ளைகளோடு இந்துக்களும் முஸ்லிம்களும் பிற கிறிஸ்தவப் பிரிவினரும் அமர்ந்து படிக்கிறார்கள்.

கல்லூரி என்ற பெயரைப் பார்த்துப் பட்டப்படிப்பு என்று எண்ணிவிட வேண்டாம். யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் இருப்பதைப் போலவே, பிரித்தானியக் காலனிகளாக இருந்த இந்தத் தீவுகளிலும் பதினொரு வயதுக்கு மேற்பட்டோர் படிக்கும் பள்ளிக்குக் கல்லூரி என்று பெயர் வைப்பது வழக்கம். இக்கட்டுரையில் வரும் கல்லூரிகள் அனைத்தும் அத்தகையவையே.

தமிழ்நாட்டு வாசகருக்கு ‘அரசு உதவிபெறும் பள்ளி’ என்றால் உடனே விளங்கும். கரீபியனிலும் ஏறத்தாழ அதே ஏற்பாடுதான். ஆனால் ஒரு பெரிய வேறுபாடு இருக்கிறது. உள்ளே வரும் மாணவர்களில் பெரும்பாலோரை அங்கே பள்ளி தேர்ந்தெடுப்பதில்லை. அரசு நடத்தும் தேர்வின் பட்டியலே தேர்ந்தெடுக்கிறது. பள்ளியைக் கட்டியவர் ஒருவர், செலவைத் தாங்குபவர் இன்னொருவர் என்றால், யாரை உள்ளே விடுவது என்று முடிவு செய்யும் அதிகாரம் யாருக்கு? இந்த ஒரு கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு படித்தால், ஏறத்தாழ இருநூறு ஆண்டு வரலாறு குழப்பமின்றிப் புரியும் என்பது என் எண்ணம்.

ஆங்கிலேயர் கொடியும் பிரெஞ்சுக்காரர் கோயிலும்

எல்லாத் தீவுகளிலும் கத்தோலிக்கம் ஒரே விதமாக வேரூன்றவில்லை. டிரினிடாட் ஸ்பெயினின் வசம் இருந்தது. குடியேற ஆளில்லாத அந்தத் தீவுக்குக் கத்தோலிக்கக் குடியேறிகளை வரவழைப்பதற்காக, வருபவர்களுக்கு நிலம் தருவதாக 1783இல் ஸ்பானிய அரசு ஓர் ஆணை பிறப்பித்தது. அதை நம்பி அண்டைத் தீவுகளிலிருந்து பிரெஞ்சுத் தோட்ட முதலாளிகள் தங்கள் அடிமைகளையும் அழைத்துக்கொண்டு வந்து குடியேறினார்கள். 1797இல் பிரித்தானியர் தீவைக் கைப்பற்றியபோது, அவர்கள் ஆள வேண்டியிருந்தது பிரெஞ்சும், பிரெஞ்சு அடிப்படையிலான கலப்பு மொழியான கிரியோலும், ஸ்பானியமும் பேசிய ஒரு கத்தோலிக்கச் சமூகத்தை. செயின்ட் லூசியாவின் கதையும் இதற்கு நெருக்கமானதே: பிரான்சுக்கும் பிரிட்டனுக்கும் இடையே பலமுறை கைமாறி, 1814இல் நிலையாகப் பிரித்தானியர் கைக்கு வந்த அத்தீவின் மக்கள் பேச்சிலும் வழிபாட்டிலும் பிரெஞ்சு மரபினராகவே நீடித்தார்கள். ஜமைக்கா இதற்கு நேர்மாறானது. 1655 முதலே ஆங்கிலேயரிடம் இருந்த அத்தீவில் கத்தோலிக்கர் என்றும் சிறுபான்மையினரே.

ஆகவே டிரினிடாடிலும் செயின்ட் லூசியாவிலும் கத்தோலிக்கப் பள்ளி என்பது, ஆட்சி மாறிய பின்னும் தன் மதத்தையும் மொழியையும் விட்டுக்கொடுக்க விரும்பாத ஒரு பழைய மேட்டுக்குடியின் அரணாகத் தொடங்கியது. ஜமைக்காவில் அது, ஆங்கிலிக்கத் திருச்சபையின் நிழலில் ஒரு சிறிய குழு தனக்கென இடம் பிடிக்கும் முயற்சியாகத் தொடங்கியது. முடிவில் இரண்டும் ஒரே மாதிரியான பள்ளிகளாக உருவெடுத்தது வேறொரு காரணத்தால். அதைப் பின்னர் பார்ப்போம்.

அடிமை முறை 1834இல் சட்டப்படி ஒழிந்து, ‘பயிற்சிக்காலம்’ என்ற பெயரில் நீட்டிக்கப்பட்ட கட்டாய உழைப்பு 1838இல் முடிந்தது. விடுதலை பெற்றவர்களின் பிள்ளைகளுக்காகத் தொடக்கப் பள்ளிகள் பல தோன்றின. அவற்றைப் பெரும்பாலும் மத அமைப்புகளே நடத்தின. உயர்நிலைப் பள்ளியோ முற்றிலும் வேறு. கட்டணம் செலுத்தக் கூடியவர்களுக்கான இடம் அது. லத்தீனும் பிரெஞ்சும் கற்றுத்தரும் இடம். கரும்புத் தோட்டக் கூலியின் மகன் அங்கே படிப்பான் என்று அந்நாளில் எவரும் எதிர்பார்க்கவில்லை.

கன்னியரின் வருகை

இந்த வரலாற்றில் முதலில் வந்தவர்கள் குருக்கள் அல்லர், பெண் துறவிகள். ஆன் மரி ஜாவுவே என்ற பிரெஞ்சுப் பெண் 1807இல் நிறுவிய குளூனி புனித வளனார் சபையைச் சேர்ந்த கன்னியர் 1836இல் போர்ட் ஆஃப் ஸ்பெயின் நகரில் பெண்களுக்கான பள்ளியைத் தொடங்கினார்கள். இன்றும் இயங்கிவரும் செயின்ட் ஜோசப்ஸ் கான்வென்ட் அதுதான். டிரினிடாடில் இப்போதுள்ள உயர்நிலைப் பள்ளிகளில் மிகப் பழையதும் அதுவே. இதே சபையின் கன்னியர் அதற்கு ஒன்பது ஆண்டுகள் முன்பே, 1827இல், புதுச்சேரிக்கு வந்து சேர்ந்திருந்தார்கள் என்பதை இங்கே நினைவில் கொள்ளலாம். பிரான்சின் குடியேற்றங்கள் எங்கெல்லாம் இருந்தனவோ அங்கெல்லாம் சென்ற சபை அது. டிரினிடாட் பிரித்தானியக் காலனியாக இருந்தும் அங்கே வாழ்ந்த பிரெஞ்சுக் குடும்பங்களின் தேவை அவர்களை இழுத்து வந்தது.

தொடக்க காலக் கான்வென்ட்டில் பெண்கள் படித்தது பிரெஞ்சு, இசை, ஓவியம், தையல், மறைக்கல்வி போன்றவை. கடலுக்கு அப்பால் கண்ணுக்கெட்டும் தொலைவில் இருந்த வெனிசுவேலாவிலிருந்தும் வசதியான குடும்பங்கள் பெண்களை இங்கே விடுதியில் சேர்த்தன. குளூனிக் கன்னியர் பின்னர் செயின்ட் லூசியாவின் காஸ்ட்ரிஸ் நகரில் 1854இலும், கிரெனடாவில் 1875இலும் இதே பெயரில் கான்வென்ட்டுகளைத் தொடங்கினார்கள். நல்ல குடும்பத்துப் பெண்ணை நல்ல மனைவியாக்கும் பள்ளி என்ற எண்ணத்தில் தோன்றிய இவைதாம், பின்னாளில் இப்பகுதியின் முதல் தலைமுறைப் பெண் மருத்துவர்களையும் வழக்கறிஞர்களையும் அரசு அதிகாரிகளையும் உருவாக்கின. டொமினிக்காவில் 1980 முதல் 1995 வரை பிரதமராக இருந்து, கரீபியனின் முதல் பெண் பிரதமர் என்று பெயர் பெற்ற யூஜினியா சார்ல்ஸ், ரோசோ நகரின் கான்வென்ட் பள்ளியில் படித்தவர்.

1870: முதல் பேரம்

ஆண்பிள்ளைகளின் கதையில் அரசு தொடக்கத்திலேயே நுழைந்துவிடுகிறது. 1859இல் டிரினிடாட் அரசு, மதச் சார்பற்ற ஓர் உயர்நிலைப் பள்ளியைத் தன் செலவில் தொடங்கியது. ஆங்கில மொழியையும் ஆங்கிலப் பண்பாட்டையும் பரப்புவது அதன் நோக்கங்களில் ஒன்று. கத்தோலிக்கக் குடும்பங்கள் இதை ஐயத்தோடு பார்த்தன: எங்கள் வரிப்பணத்தில் எங்கள் பிள்ளைகளை எங்கள் மதத்திலிருந்து பிரிக்கும் பள்ளியை நடத்துகிறார்கள் என்பது அவர்கள் குற்றச்சாட்டு. பேராயரின் அழைப்பின் பேரில் பிரான்சிலிருந்து வந்த தூய ஆவி சபைக் குருக்கள் 1863 ஆகஸ்ட் 1ஆம் நாள் செயின்ட் மேரிஸ் கல்லூரியைத் திறந்தார்கள். அமல உற்பவக் கல்லூரி என்பது அதன் முழுப்பெயர், ஊரார் சி.ஐ.சி. என்றே சொல்வார்கள்.

ஆக, ஒரே நகரில், அரசுப் பணத்தில் ஒரு பள்ளியும் திருச்சபைப் பணத்தில் ஒரு பள்ளியும் எதிரெதிராக நின்றன. 1860களின் பிற்பகுதியில் ஆளுநராக இருந்த ஆர்தர் கார்டன் இந்தப் பகையைத் தணிக்க விரும்பினார். அயர்லாந்தின் பள்ளி ஆய்வாளரான பேட்ரிக் கீனன் வரவழைக்கப்பட்டு, 1869இல் தீவின் கல்வி நிலை பற்றி ஓர் அறிக்கை தந்தார். அறிக்கையின் பெரும்பகுதி தொடக்கக் கல்வி பற்றியது. வீட்டில் பிரெஞ்சும் ஸ்பானியமும் பேசும் குழந்தைகளுக்கு எடுத்த எடுப்பில் ஆங்கிலத்திலேயே எழுத்தறிவிப்பதை அவர் கண்டித்தார். முதலில் அவரவர் மொழியில் படிக்கக் கற்றுத்தர வேண்டும் என்றார். இது நடக்கவில்லை. இன்று படித்தாலும் அந்த அறிக்கையின் மிக நியாயமான பகுதி இதுதான் என்று தோன்றுகிறது.

நடந்தது வேறு. 1870இல் வந்த சட்டத்தின்படி அரசுப் பள்ளி குயின்ஸ் ராயல் கல்லூரி என்ற பெயரில் மறுசீரமைக்கப்பட்டது. மதச் சபைகளின் கல்லூரிகள் அதனோடு இணைவு பெற்று அரசு மானியமும் அரசு உதவித்தொகைகளுக்குப் போட்டியிடும் உரிமையும் பெற வழி திறந்தது. செயின்ட் மேரிஸ் இணைந்துகொண்டது. தன் நிர்வாகத்தையும் மறைக்கல்வியையும் திருச்சபை காப்பாற்றிக்கொண்டது. அதற்கு ஈடாகத் தன் மாணவர்களை அரசுப் பள்ளி மாணவர்களோடு ஒரே தேர்வுக்கு அனுப்பச் சம்மதித்தது. பின்வந்த எல்லா ஒப்பந்தங்களுக்கும் இதுவே அச்சு.

தேர்வு என்னும் சமன்படுத்தி

மேலே சொன்ன ‘வேறொரு காரணம்’ இங்கே வருகிறது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் தன் பள்ளித் தேர்வைக் கடல் கடந்து முதன்முதலாக நடத்தியது டிரினிடாடில்தான்: 1863 டிசம்பரில், பத்துப் பேர் எழுதினார்கள். அடுத்த நூறாண்டுகளுக்கும் மேலாக ஆங்கிலம் வழங்கும் கரீபியனில் ஒரு பள்ளியின் மதிப்பை நிர்ணயித்தது, வினாத்தாளும் விடைத்தாளும் கப்பலேறிப் போய்வந்த இந்தத் தேர்வுதான். பிரெஞ்சுக் குருக்கள் தொடங்கிய பள்ளியானாலும் அயர்லாந்துச் சகோதரர்கள் நடத்திய பள்ளியானாலும், பாடத்திட்டம் கேம்பிரிட்ஜுக்கு ஏற்ப வளைந்தே தீர வேண்டியிருந்தது. இப்பகுதிக்கென்றே கரீபியன் தேர்வு மன்றம் 1972இல் அமைக்கப்பட்டு, 1979இல் தன் முதல் தேர்வுகளை நடத்தும்வரை இந்நிலை நீடித்தது.

தேர்வின் உச்சியில் இருந்தது ‘ஐலண்ட் ஸ்காலர்ஷிப்’. ஆண்டுக்கு ஒருவரோ ஒரு சிலரோ பெறக்கூடிய, பிரித்தானியப் பல்கலைக்கழகத்தில் படிக்கும் முழுச் செலவையும் தரும் அரசு உதவித்தொகை அது. நெடுங்காலம் ஆண்பிள்ளைகளுக்கே உரியதாக இருந்தது. கறுப்பினக் குடும்பத்துப் பையன் மருத்துவராகவோ வழக்கறிஞராகவோ ஆவதற்கு வேறு வழி அநேகமாக இல்லாத காலம். அதனால் குயின்ஸ் ராயல் கல்லூரிக்கும் செயின்ட் மேரிஸுக்கும் இடையே இந்த உதவித்தொகைக்காக நடந்த போட்டி, அவ்விரு பள்ளிகளின் கால்பந்துப் போட்டியைவிடவும் சூடானது. 1976இல் டிரினிடாட் டொபேகோ குடியரசானபோது அதன் முதல் குடியரசுத் தலைவரான எல்லிஸ் கிளார்க், செயின்ட் மேரிஸ் மாணவராக இருந்து இந்த வழியில் லண்டன் சென்றவர்.

இதன் விளைவு சற்று விசித்திரமானது. விசுவாசத்தைக் காப்பதற்கென்று கட்டப்பட்ட பள்ளிகள் தேர்வில் வெற்றி பெறுவதன் மூலமே நற்பெயர் ஈட்டின. அந்த நற்பெயரால் கத்தோலிக்கர் அல்லாதவர்களும் அங்கே இடம் தேடி வந்தார்கள். இதை மிகத் தெளிவாகக் காட்டுவது செயின்ட் லூசியா.

காஸ்ட்ரிஸ் நகரில் 1890இல் தொடங்கிய செயின்ட் மேரிஸ் கல்லூரி (டிரினிடாடில் உள்ளது வேறு, இது வேறு) நெடுங்காலம் அத்தீவில் ஆண்பிள்ளைகளுக்கு இருந்த ஒரே உயர்நிலைப் பள்ளி. அங்கே படித்தவர்களில் இருவர் நோபல் பரிசு பெற்றார்கள்: பொருளாதாரத்துக்காக 1979இல் ஆர்தர் லூயிஸ், இலக்கியத்துக்காக 1992இல் டெரெக் வால்காட். இருவரும் பிறந்தது ஜனவரி 23ஆம் நாள். ஆண்டு மட்டும் வேறு, முறையே 1915, 1930.

லூயிஸின் தந்தை மகனின் ஏழாவது வயதிலேயே இறந்துவிட்டார். பள்ளிப் படிப்பைப் பதினான்கு வயதில் முடித்துவிட்ட சிறுவனுக்கு உதவித்தொகைத் தேர்வை எழுதும் வயது வரவில்லை. ஆகவே அரசு அலுவலகத்தில் எழுத்தராக வேலை பார்த்துக்கொண்டு காத்திருந்தான். 1932இல் தேர்வெழுதி வென்று, லண்டன் பொருளாதாரப் பள்ளிக்குச் சென்றான். வளரும் நாடுகளின் பொருளாதாரம் பற்றிப் பின்னாளில் அவர் எழுதியவை இந்தியப் பல்கலைக்கழகங்களிலும் பாடமாயின.

வால்காட்டின் குடும்பம் மெதடிஸ்ட் சபையைச் சேர்ந்தது. தாயார் மெதடிஸ்ட் பள்ளி ஆசிரியை. ஆனாலும் தீவில் இருந்த உயர்நிலைப் பள்ளி கத்தோலிக்கருடையது. ஆகவே அங்கேதான் படித்தாக வேண்டும். பதினான்கு வயதில், 1944இல், அவர் எழுதிய ஒரு சமயக் கவிதை உள்ளூர்ச் செய்தித்தாளில் வெளிவந்தது. கத்தோலிக்கக் குரு ஒருவர் அது தெய்வ நிந்தனை என்று கண்டித்து அதே இதழில் மறுப்பு எழுதினார். பள்ளிப் பையனின் கவிதைக்கு ஒரு குரு பத்திரிகையில் பதில் எழுதும் அளவுக்குச் சின்ன ஊர் அது. சிறுபான்மைச் சபைப் பிள்ளை அங்கே எப்படிப்பட்ட காற்றைச் சுவாசித்தான் என்பதற்கு இதைவிட நல்ல சான்று தேவையில்லை. அதே வால்காட் பின்னர் அதே பள்ளியில் சில காலம் ஆசிரியராகவும் இருந்தார்.

ஜமைக்கா

கிங்ஸ்டன் நகரின் செயின்ட் ஜார்ஜஸ் கல்லூரி 1850இல் தோன்றியது. கொலம்பியாவிலிருந்து அரசால் வெளியேற்றப்பட்ட ஸ்பானிய இயேசு சபையினர் ஜமைக்காவில் அடைக்கலம் புகுந்து, தாங்கள் அறிந்த தொழிலான பள்ளி நடத்துவதைத் தொடங்கினார்கள். பெண்களுக்கான இம்மாகுலேட் கன்செப்ஷன் பள்ளி 1858இல் பிரான்சிஸ்கன் கன்னியரால் தொடங்கப்பட்டது. இருபதாம் நூற்றாண்டில் ஜமைக்காவின் இயேசு சபைப் பணி அமெரிக்கக் குருக்களின் பொறுப்பில் வந்தது. 1960இல் அச்சபை தொடங்கிய கேம்பியன் கல்லூரி, தேர்வு முடிவுகளில் அந்நாட்டின் முதல் வரிசையில் இருந்து வருகிறது. கத்தோலிக்கர் சிறுபான்மையாக இருந்த நாட்டில் இந்தப் பள்ளிகளின் மாணவர்களில் கணிசமானோர் வேறு சபையினர். கிங்ஸ்டனின் சீன, லெபனானிய வணிகக் குடும்பங்களும் பிள்ளைகளை இங்கே அனுப்பின.

உயர்நிலைப் பள்ளி என்ற வரையறைக்குள் அடங்காத ஒரு பள்ளியையும் இங்கே சொல்லாமல் விட முடியவில்லை. ஜெஸ்ஸி ரிப்போல் என்ற கத்தோலிக்கப் பெண் 1880இல் கிங்ஸ்டனில் ஓர் அநாதை இல்லத்தைத் தொடங்கினார். லண்டனிலிருந்து வந்த இரக்கத்தின் சகோதரிகள் 1890இல் அதில் இணைந்தார்கள். அதிலிருந்து வளர்ந்த ஆல்ஃபா ஆண்கள் பள்ளியில் ஏழைச் சிறுவர்களுக்குத் தச்சு, அச்சு, தையல் ஆகிய தொழில்களோடு வாத்திய இசையும் கற்றுத்தரப்பட்டது. ஸ்கா என்ற ஜமைக்கா இசை வகையை உலகறியச் செய்த ஸ்கேட்டலைட்ஸ் குழுவின் டான் டிரம்மண்ட், டாமி மக்குக், லெஸ்டர் ஸ்டெர்லிங், ஜானி மூர் ஆகிய நால்வரும் அந்தப் பள்ளி வாத்தியக் குழுவில் பயின்றவர்கள். அதே ஆல்ஃபா வளாகத்தில்தான் அச்சகோதரிகள் பெண்களுக்கான உயர்நிலைப் பள்ளியையும் நடத்தினார்கள். ஒரே மதில், ஒரே சபை; ஒருபக்கம் கேம்பிரிட்ஜ் தேர்வு, மறுபக்கம் தச்சுப் பட்டறை. யாருக்கு எந்தப் பக்கம் என்பதைப் பெரும்பாலும் குடும்பத்தின் நிலையே முடிவு செய்தது.

உள்ளே வராதவர்கள்

கட்டணம் ஒன்றே தடை என்று நினைத்துவிடக் கூடாது. தோலின் நிறம் பெரிய தடை. பெற்றோருக்கு முறையான திருமணம் நடந்திருக்கிறதா என்பது இன்னொரு தடை. அடிமை முறையின் விளைவாகத் திருமணப் பதிவின்றி வாழ்ந்த குடும்பங்களே பெரும்பான்மையாக இருந்த சமூகத்தில், அத்தகைய பிள்ளைகளைச் சேர்க்க மறுத்த பள்ளிகள், கத்தோலிக்கருடையவையும் பிற சபையினருடையவையும், கரீபியனில் பல இருந்தன.

டிரினிடாடில் இந்தியர்களின் நிலை வேறு. 1845 முதல் 1917 வரை ஒப்பந்தக் கூலிகளாக ஏறத்தாழ 1,44,000 இந்தியர்கள் அங்கே கொண்டுவரப்பட்டார்கள். பெரும்பாலோர் கல்கத்தாத் துறைமுகம் வழியாகச் சென்ற வட இந்தியர்கள். சென்னைத் துறைமுகத்திலிருந்து சென்ற தமிழரும் தெலுங்கரும் அவர்களில் ஒரு சிறு பகுதியினர். இவர்கள் வாழ்ந்தது தெற்கிலும் நடுப்பகுதியிலும் உள்ள கரும்புத் தோட்டங்களில். கத்தோலிக்கக் கல்லூரிகளில் பழையவை இருந்தது வடக்கே தலைநகரில். 1868 முதல் இவர்களிடையே பணியாற்றத் தொடங்கிய கனடிய பிரஸ்பிட்டேரியன் சபையின் பள்ளிகளே இந்தியர்களுக்கு முதல் ஏணியாக அமைந்தன. கத்தோலிக்கக் கல்லூரிகளில் இந்தியப் பிள்ளைகள் பெருந்தொகையில் நுழைவதற்கு 1960கள் வர வேண்டியிருந்தது.

1960: பெரிய பேரம்

1956இல் ஆட்சிக்கு வந்த எரிக் வில்லியம்ஸ், தானே குயின்ஸ் ராயல் கல்லூரியில் படித்து ஐலண்ட் ஸ்காலர்ஷிப் வென்று ஆக்ஸ்போர்டு சென்ற வரலாற்றாசிரியர். பல இனமும் பல மதமும் கொண்ட நாட்டைப் பள்ளிகள் துண்டுபோடுகின்றன என்பது அவர் கருத்து. கல்வி அரசின் கையில் இருக்க வேண்டும் என்று அவர் வெளிப்படையாகவே வாதிட்டு வந்தார். எதிரே நின்றவர் போர்ட் ஆஃப் ஸ்பெயினின் பேராயர் ஃபின்பார் ரயன். அயர்லாந்துக்காரர், எளிதில் இறங்கி வராதவர். அரசுக்கு ஓர் இக்கட்டு இருந்தது: உயர்நிலைக் கல்வியை இலவசமாக்குவதாக அறிவித்துவிட்டார்கள், ஆனால் நல்ல பள்ளிகளில் பெரும்பகுதி சபைகளிடம் இருந்தது. திருச்சபைக்கும் ஓர் இக்கட்டு: அரசு மானியம் இல்லாமல் அந்தப் பள்ளிகளை நடத்த முடியாது.

1960 டிசம்பர் 25ஆம் நாள் உடன்பாடு வெளியிடப்பட்டது. வத்திக்கான் நாடுகளோடு செய்துகொள்ளும் ஒப்பந்தத்துக்குரிய ‘கான்கார்டாட்’ என்ற பெயரே இதற்கும் நிலைத்துவிட்டது. ஆனால் இது கத்தோலிக்கருக்கு மட்டும் உரியதன்று, பள்ளி நடத்தும் எல்லா மதத்தினருக்கும் பொது. அதன் சாரம் இது. பள்ளியின் உரிமையும் நிர்வாகமும் சபையிடமே இருக்கும். சபை முறைப்படி எதிர்ப்புத் தெரிவிக்கும் புத்தகத்தைப் பள்ளியில் திணிக்க முடியாது. ஆசிரியரை நியமிப்பதும் மாற்றுவதும் அரசின் பொறுப்பு. ஆனால் சமய, ஒழுக்கக் காரணங்களைக் காட்டிச் சபை மறுக்கும் ஒருவரை அங்கே நியமிக்கக் கூடாது. முதல் படிவத்தில், அதாவது உயர்நிலைப் பள்ளியின் முதல் வகுப்பில், உள்ள இடங்களில் குறைந்தது 80 விழுக்காட்டை அரசின் பொது நுழைவுத் தேர்வில் தேறியவர்களுக்குத் தர வேண்டும். எஞ்சிய 20 விழுக்காடு வரை தலைமையாசிரியர் தம் விருப்பப்படி தரலாம். அதற்கும் பொதுவாக அந்தத் தேர்வின் தேர்ச்சிப் பட்டியலே அடிப்படை.

1961இல் பொது நுழைவுத் தேர்வு தொடங்கியது. பேராயர் வென்றாரா பிரதமர் வென்றாரா என்று இன்றும் அங்கே வாதிடுவார்கள். பள்ளிகளின் பெயர்ப் பலகையையும் சிற்றாலயத்தையும் பார்ப்பவருக்குத் திருச்சபை வென்றதாகத் தோன்றும். நான் வகுப்பு வருகைப் பதிவேட்டைப் பார்க்கச் சொல்வேன். பத்தில் எட்டுப் பிள்ளைகளை வெளியிலிருந்து ஒரு தேர்வு அனுப்பி வைக்கும்போது, பள்ளி யாருக்கானது என்ற கேள்விக்கான விடை மாறிவிடுகிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அந்நாட்டில் கத்தோலிக்கர் சுமார் 22 விழுக்காடுதான்.

வேறு வழிகளில் சென்ற நாடுகள்

பேரம் படியாத இடங்களில் என்ன நடந்தது என்பதையும் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். ஹவானாவின் பெலேன் கல்லூரி 1854இல் இயேசு சபையினரால் தொடங்கப்பட்டது. 1945இல் அங்கே படிப்பை முடித்தவர் ஃபிடல் காஸ்ட்ரோ. அவரது அரசே 1961இல் தனியார் பள்ளிகள் அனைத்தையும் நாட்டுடைமையாக்கி, தாம் படித்த பள்ளியையும் எடுத்துக்கொண்டது. வெளியேறிய குருக்கள் மயாமியில் அதே பெயரில் பள்ளியை மீண்டும் தொடங்கினார்கள். கயானாவில் 1976இல் ஃபோர்ப்ஸ் பர்ன்ஹாம் அரசு மழலையர் வகுப்பு முதல் பல்கலைக்கழகம் வரை கல்வியை இலவசமாக்கியபோது, சபைப் பள்ளிகள் எல்லாம் அரசுப் பள்ளிகளாயின. ஜார்ஜ்டவுனின் செயின்ட் ஸ்டானிஸ்லாஸ் கல்லூரி 1866 முதல் இயேசு சபையின் கையில் இருந்தது. இன்று புனிதரின் பெயர் மட்டும் இருக்கிறது.

ஹெய்ட்டி வேறு ஒரு பாடம். 1804இலேயே விடுதலை பெற்ற அந்தக் கறுப்பினக் குடியரசோடு வத்திக்கான் 1860இல்தான் ஒப்பந்தம் செய்துகொண்டது. அதன்பின் பிரான்சிலிருந்து வந்த குருக்களும் சகோதரர்களும் நடத்திய பள்ளிகள், நாட்டு மக்கள் பேசும் கிரியோலை வாசலில் நிறுத்திவிட்டுப் பிரெஞ்சில் ஒரு சிறு மேல்தட்டை வளர்த்தன. அங்கே பள்ளிக்கும் மக்களுக்கும் நடுவில் எல்லாருக்கும் பொதுவான, இலவச இடம் தரும் நுழைவுத் தேர்வு வரவே இல்லை. அதனால் இடைவெளியும் குறையவில்லை.

உடன்பாட்டுக்குப் பின்

டிரினிடாடில் புதிய வகைச் சிக்கல்கள் தோன்றின. 1990களின் நடுவில் ஒரு முஸ்லிம் மாணவி நுழைவுத் தேர்வின் வழியாக ஹோலி நேம் கான்வென்ட்டில் இடம் பெற்றார். சீருடை விதியைக் காட்டி, முக்காட்டோடு வகுப்புக்கு வரப் பள்ளி அனுமதிக்கவில்லை. வழக்கு உயர் நீதிமன்றம் சென்றது. விதியைச் சற்றும் தளர்த்த மறுத்தது நியாயமன்று என்று 1995இல் மாணவிக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது. தனியார் பள்ளியாக இருந்திருந்தால் இந்த வழக்கின் போக்கே வேறாக இருந்திருக்கும். அந்தப் பிள்ளையை அங்கே அனுப்பியது அரசின் பட்டியல்; சம்பளம் அரசினுடையது; ஆகவே சபையின் பள்ளியும் பொதுக் கடமைகளுக்கு உட்பட்டது என்ற நிலை இயல்பாகவே வந்து சேர்ந்தது.

குருக்களும் கன்னியரும் இப்போது வகுப்பறைகளில் அரிது. 1960களுக்குப் பின் துறவறம் ஏற்போர் குறைந்ததால், அயர்லாந்திலிருந்தும் பிரான்சிலிருந்தும் ஆள் வருவது நின்று, தலைமையாசிரியர் பொறுப்பும் துறவிகள் அல்லாத பொதுநிலையினரிடம் வந்துவிட்டது. பொது நுழைவுத் தேர்வு 2001இல் எஸ்.இ.ஏ. என்ற பெயரில் மாற்றியமைக்கப்பட்டது. பிள்ளைகளின் பதற்றமும் தனிப்பயிற்சி வகுப்புகளும் மாறவில்லை. ஜமைக்காவிலும் 1950களின் இறுதியில் வந்த நுழைவுத் தேர்வு 1999இலும் 2019இலும் பெயரும் வடிவமும் மாறி இன்றும் தொடர்கிறது.

டிரினிடாடில் ஆண்டுதோறும் முடிவுகள் வெளியாகும் நாட்களில் தவறாமல் எழும் சர்ச்சை அந்த 20 விழுக்காடு பற்றியது. மதிப்பெண் குறைந்த பிள்ளைக்குத் தலைமையாசிரியரின் பட்டியலில் இடம் கிடைக்கிறது, அதைவிட அதிக மதிப்பெண் பெற்ற பிள்ளை வெளியே நிற்கிறது என்பது எதிர்ப்பவர்களின் முறையீடு. பள்ளியின் சமயத் தன்மையைக் காக்க எங்களிடம் எஞ்சியிருப்பது இது ஒன்றுதான் என்பது சபைகளின் பதில். இந்துப் பள்ளிகளும் முஸ்லிம் பள்ளிகளும் இதே சலுகையைப் பயன்படுத்துவதால், இதை நீக்கச் சொல்லும் குரல் எந்த ஒரு சமூகத்திலும் முழுமையாக ஒன்றுபடுவதில்லை. எதிர்ப்பவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது என்றே நான் கருதுகிறேன். ஆனால் 20 விழுக்காட்டை நீக்கினாலும், நல்ல பள்ளிகள் சிலவே என்ற அடிப்படைக் குறை அப்படியே இருக்கும்.

உடன்பாடு நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் அன்று. இரு தரப்பும் ஒப்புக்கொண்ட ஓர் ஏற்பாடு. ஆயினும், தம் பிள்ளைக்குத் தாம் தேர்ந்தெடுக்கும் பள்ளியை அமைத்துத்தரும் பெற்றோரின் உரிமையை 1976ஆம் ஆண்டு அரசியலமைப்பு அடிப்படை உரிமைகளில் ஒன்றாக ஏற்றுக்கொண்டிருக்கிறது. அதனால் கயானாவின் வழியில் செல்ல விரும்பும் அரசு ஏதேனும் டிரினிடாடில் வந்தாலும், அது முதலில் நீதிமன்றத்தைக் கடக்க வேண்டியிருக்கும்.